டிஸ்க்குக்குள் இருந்த பல்லி

எங்கள் எடிட்டிங் அறையில் ஒரு பல்லி இருக்கிறது என்று மூன்று பேர் நம்பிக்கொண்டிருந்தோம். ஒன்று, கமரா தூக்குகிற என் அண்ணா. அடுத்தது, வெள்ளிக்கிழமைகளில் வருகிற அன்ரி. மூன்றாவது நான். கம்பியூட்டர் படித்துப் பட்டம் வாங்கி, அந்தப் பட்டமளிப்புப் படத்தை வீட்டுச் சுவரில் மாட்டியும் வைத்திருக்கிறவள். மற்ற இரண்டு பேரையும் மன்னிக்கலாம்.

சத்தம் மேசைக்குப் பின்னாலிருந்து வரும். டிக், டிக், டிக். கொஞ்சம் நிற்கும். மறுபடி டிக். மேசைக்கும் சுவருக்கும் நடுவிலுள்ள இடுக்கில் குடியிருக்கிறது என்றான் அண்ணா. நானும் ஓம் என்றேன். தகரக் கூரை போட்ட அறையில் பல்லி இல்லாவிட்டால்தான் சந்தேகப்பட வேண்டும்.

அறை புதுக்குடியிருப்புச் சந்தைக்குப் பின்பக்கம், ஒரு ரியூசன் கொட்டிலோடு ஒட்டியபடி இருக்கிறது. அந்தப் பக்கம் பிள்ளைகள் ஒரே குரலில் வாய்ப்பாடு சொல்லுவார்கள். இந்தப் பக்கம் நான் யாரோ ஒரு பொம்பிளைக்குத் தாலி ஏறும் இடத்தை முன்னும் பின்னும் இழுத்துக்கொண்டிருப்பேன். அண்ணா எடுப்பான், நான் வெட்டி ஒட்டுவேன். கல்யாணம், சாமத்திய வீடு, வீடு குடிபூரல், பிறந்தநாள், செத்தவீடு. எங்கள் சனம் ஒன்றையும் விடாது. ஆடு குட்டி போட்டாலும் ட்ரோன் பறக்கவிடச் சொல்லிக் கேட்கும்.

அது ஏன் என்று எனக்குத் தெரியும். எனக்கு ஏழு வயதுக்கு முன்னால் முகமே இல்லை. யுத்தத்துக்குப் பிறகு எங்கள் வீட்டில் அந்தக் காலத்துப் படம் ஒன்றுகூட மிஞ்சவில்லை. நான் சின்னதில் எப்படி இருந்தேன் என்று கேட்டால் அண்ணா சொல்லுவான்:

"படம் இல்லாதது நல்ல காலம். இருந்திருந்தா உன்னை ஒருத்தனும் கட்டான்."

முகம் இல்லாமல் போன சனம் இப்போது முகத்தைச் சேர்த்து வைக்கிறது. சேர்ப்பதற்கு இடம் வேண்டுமே. எங்களிடம் இருந்தது கம்பியூட்டருக்குள் ஒரே ஒரு பெரிய ஹார்ட் டிஸ்க். எல்லாரும் அதற்குள். இன்னொன்று வாங்கவேண்டும் என்று ஒவ்வொரு கல்யாண சீசனிலும் சொல்லிக்கொள்வோம். சீசன் முடிந்ததும் கமராவுக்குப் புது லென்ஸ் வந்துவிடும்.

அன்ரியின் மகனும் அந்த டிஸ்க்கில்தான் இருந்தான்.

அவன் இருந்தால் இப்போது எனக்கு மாமா வயது. மரியாதையாகத்தான் சொல்லவேண்டும். ஆனால் நான் திரையில் பார்த்தவன் பதினேழு வயதுப் பொடியன், அதனால் அவன் என்றே வருகிறது. கடைசி இடப்பெயர்வில் காணாமல் போனவன். அதற்குச் சில வருடங்களுக்கு முன்னால் ஸ்கந்தபுரத்தில் ஒரு சொந்தக்காரர் வீட்டுக் கல்யாணம் நடந்தது. அந்த வீடியோ கசெற்றின் ஒரு பிரதியை அப்போதே வெளிநாட்டுக்கு அனுப்பியிருக்கிறார்கள். இங்கே இருந்ததெல்லாம் போனபிறகு அந்தப் பிரதி மட்டும் ஒருவரின் சூட்கேசில், சொக்லேட்டுகளுக்கு நடுவில், திரும்பி வந்தது. அன்ரி அதைச் சேலைத் துண்டில் சுற்றி எங்களிடம் கொண்டுவந்தார். முல்லைத்தீவில் ஒரு பழைய வீடியோக்காரரிடம் பிளேயர் இரவல் வாங்கி, கசெற்றை ஓடவிட்டு, கம்பியூட்டருக்குள் எடுத்தோம். எடுத்து முடித்துத் திரும்பச் சுற்றும்போது பிளேயர் கசெற்றைச் சப்பித் துப்பிவிட்டது. நாடா அறுந்து, சுருண்டு, ஒன்றுக்கும் உதவாமல் போனது. அதோடு உலகத்தில் அவன் நடப்பது எங்கள் டிஸ்க்கில் மட்டும் என்றாகிவிட்டது.

சில செக்கன்தான் அந்தக் கிளிப். சமையல் நடக்கும் குசினிப் பக்கத்திலிருந்து ஒரு தட்டில் சோடாப் போத்தல்களோடு வருகிறான். கமராவைக் காண்கிறான். சிரிக்கிறான். வாயசைத்து என்னவோ கேட்கிறான், நாதஸ்வரச் சத்தத்தில் ஒன்றும் கேட்காது. பிறகு இடதுபக்கமாக நடந்து படத்தைவிட்டு வெளியே போகிறான். அவ்வளவுதான்.

அதிலிருந்து ஒரு படத்தை எடுத்துப் பெரிதாக்கி, லமினேட் செய்து கொடுத்திருந்தோம். காணாமல் போன மகன்மாரைத் தேடுகிற தாய்மார் வீதியோரக் கொட்டிலில் போராட்டம் இருக்கும் நாட்களில் அன்ரி அதை மடியில் வைத்திருப்பார். வீட்டுக்குப் போனதும் அலுமாரிக்குள் கவிழ்த்து வைத்துவிடுவார். சுவரில் மாட்டமாட்டார். சுவரில் அவருடைய மனுசன் இருக்கிறார். மீள்குடியேறி வந்தபிறகு நெஞ்சு வருத்தத்தில் செத்தவர். அவருக்கு மாலை, குங்குமம், மினுங்குகிற சின்ன பல்ப் எல்லாம் இருக்கிறது. அந்தச் சுவரில் மகனையும் மாட்டினால் வருகிற சனம் என்ன நினைக்கும் என்பதுதான் அன்ரிக்குப் பயம்.

"போன்ல போட்டுத் தாறன் அன்ரி, வீட்டில இருந்தே பாக்கலாம்" என்று நான் ஒருமுறை சொன்னேன்.

"வேண்டாம் பிள்ளை. போன்ல கிடந்தா ஆராவது எடுத்து, கீழ ஒரு மெழுகுதிரியும் கீறி, எல்லாருக்கும் அனுப்பி விடுவினம். வீட்டுக்கு வாறதுகளும் பாத்திட்டு அழுங்கள். நாலு பேர் அழுதாச் செத்தவன் எண்டாயிடும். இஞ்சையே கிடக்கட்டும். நீங்கள் அழமாட்டியள்."

நாங்கள் அழமாட்டோம் என்று எப்படிக் கண்டுபிடித்தாரோ. சரியாகத்தான் கண்டுபிடித்திருந்தார்.

ஆகவே வெள்ளிக்கிழமைகளில் சந்தைக்கு வரும்போது எங்களிடம் வருவார். பிளாஸ்டிக் கதிரையில் இருப்பார். நான் கிளிப்பை ஓடவிடுவேன், திரும்ப ஓடவிடுவேன். அவன் வாயசைக்கும் இடத்தில் ஒரு வெள்ளி சொல்லுவார், "சோடா வேணுமோ எண்டு கேக்கிறான்." இன்னொரு வெள்ளி, "அம்மா எங்க எண்டு கேக்கிறான்." முடிவில் சேலைத் தலைப்பைச் சரிசெய்துகொண்டு, எங்களுக்குச் சொல்லுகிற மாதிரியும் இல்லாமல் சொல்லுவார்:

"எங்கயோ இருக்கிறான்."

மேசைக்குப் பின்னால் டிக், டிக், டிக்.

உடனே விரலை மடக்கி மேசை விளிம்பில் தட்டுவார். "பாத்தியே பிள்ளை, பல்லி சொல்லுது." முகம் தெளிந்துவிடும். எழும்பிப்போய் மரக்கறி வாங்குவார். அண்ணா கதவு வரைக்கும் போய் வழியனுப்பிவிட்டு வந்து, "எங்கட பல்லி நல்ல பல்லி" என்பான்.

ஒருநாள் பகல் கரண்ட் போனது. பேரை மட்டும் வைத்திருந்த யூ.பி.எஸ்ஸும் கூடவே செத்தது. விசிறி நின்று, ரியூசன் பிள்ளைகள் "ஓ" என்று கத்தி, வியர்க்க வியர்க்க நாங்கள் வெளியே போய் நின்றோம். கரண்ட் வந்து கம்பியூட்டரைப் போட்டதும் டிக், டிக் என்று தொடங்கியது.

அண்ணா சிரித்தான். "பாரடி, கரண்ட் போனா இதுவும் வாயை மூடுது. பல்லிக்கும் மீற்றர் பூட்டி விட்டிருக்கிறாங்கள் போல."

அவன் பகிடிக்குச் சொன்னான். நான் கம்பியூட்டரைத் திருப்பி, பெட்டியின் பக்கத்தில் காதை வைத்தேன். பல்லி அதற்குள் இருந்தது. டிஸ்க்கின் ஊசி ஓர் இடத்தைத் தேடிப் போய், கிடைக்காமல், திரும்பி வந்து, மறுபடி தேடிப் போகிற சத்தம். படிக்கிற காலத்தில் இதே சத்தத்தைக் கேட்கவிட்டு, இது கேட்டால் அந்த டிஸ்க்குக்கு ஆயுள் இல்லை என்று சொல்லித் தந்திருக்கிறார்கள்.

"அண்ணா, இது பல்லி இல்லை."

"பின்ன?"

"டிஸ்க். சாகப்போகுது."

அண்ணாவின் முகம் மாறியது. அடுத்த செக்கனே வியாபாரி ஆகிவிட்டான். "அப்ப முதல் பூவரசங்குளம் கல்யாணத்தை எடு. மாப்பிள்ளை அடுத்த கிழமை பிளேன் ஏறுறான். அவன் என்னைக் கொல்லுவான்."

"முதல் அன்ரியின்ர கிளிப்."

"விசரி, அது துக்கடா ஃபைல். எப்பவும் எடுக்கலாம்."

"துக்கடா எண்டாத்தான் முதல் எடுக்கவேணும். உன்ர மாப்பிள்ளை உயிரோட இருக்கிறான். வேணுமெண்டா இன்னொருக்காத் தாலி கட்டச் சொல்லு."

நான் என் லப்டொப்பைக் கம்பியூட்டரோடு கொழுவி, கிளிப்பை இழுத்துப் போட்டேன். கண் வெட்டும் நேரத்தில் போகவேண்டியது. பாதியில் நின்றது. டிக், டிக். பிறகு என்ன நினைத்ததோ, டிஸ்க் மிச்சத்தையும் விட்டது.

ஓடவிட்டுப் பார்த்தேன். குசினிப் பக்கத்திலிருந்து வருகிறான், சோடாத் தட்டு, கமராவைக் காண்கிறான். சிரிக்கவேண்டிய இடத்தில் அவன் முகம் கட்டம் கட்டமாக உடைந்தது. பச்சையும் சாம்பலும். கழுத்துக்கு மேலே ஒன்றும் இல்லாமல் தட்டோடு நடந்து, இடதுபக்கமாக வெளியே போனான்.

அண்ணா எழும்பி வாசலுக்குப் போய் வெளியே பார்த்துக்கொண்டு நின்றான். நான் டிஸ்க்கைக் கழற்றி, மேசை விசிறிக்கு முன்னால் ஆறவைத்து, திரும்பக் கொழுவினேன். இந்த முறை சுத்தமாக வந்தது. முகம் இருந்தது, சிரித்தான். அந்த உடைந்த பிரதியை அப்போதே அழித்துவிட்டேன். ஆனால் அது போகவில்லை. வேறு யாருடைய கல்யாணத்தையாவது வெட்டிக்கொண்டிருக்கும்போது, யாராவது கமராவைப் பார்த்துத் திரும்பினால், இப்போது உடையப்போகிறது என்று கை தானாக நிறுத்தும்.

பூவரசங்குளம் மாப்பிள்ளையும் மெல்ல மெல்ல வந்து சேர்ந்தார். மணவறையைச் சுற்றும் ஒரு துண்டு மட்டும் போய்விட்டது. யாரும் கவனிக்கவில்லை. அவ்வளவு சுற்று.

புது டிஸ்க் வாங்கக் கிளிநொச்சிக்குப் பஸ் ஏறினோம். வழி முழுக்கச் சண்டை. இரண்டு டிஸ்க் வாங்குவது என்பதில் இருவருக்கும் ஒரே எண்ணம். அவற்றை எப்படிப் பூட்டுவது என்பதில்தான் பிரச்சினை.

"ரெண்டையும் சேர்த்து ஒண்டாக்கி விடு" என்றான் அண்ணா. "படத்தில பாதி இதில, பாதி அதில. ரெண்டும் ஒரே நேரத்தில ஓடினா வேகம் ரெண்டு மடங்கு. மூண்டு கமராப் படத்தையும் ஒண்டாப் போட்டு வெட்டலாம், கொம்பியூட்டர் திக்காது. இடமும் முழுசாக் கிடைக்கும்."

"ஒண்டு செத்தா?"

"ஏன் சாகுது?"

"ஏன் செத்ததோ, அதுக்குத்தான் இப்ப பஸ்சில போறம்." எனக்கு வேண்டியது கண்ணாடி முறை. ஒன்றில் எழுதுவது அப்படியே மற்றதிலும் எழுதப்படும். ஒன்று செத்தாலும் மற்றது முழுசாக இருக்கும்.

"அப்ப ரெண்டு வாங்கி ஒண்டின்ர இடம்தானே? பாதி வீண்."

"வீண் இல்லை."

"வீண்தான். ரெண்டு பேர் சேர்ந்து ஒரு மூட்டை தூக்கினாக் கெதியாப் போகலாம். நீ சொல்லுற மாதிரி ஆளுக்கொரு மூட்டை, ரெண்டுக்குள்ளயும் ஒரே சாமான் எண்டா, அது விசர் வேலை."

மூட்டை என்று சொன்னதும் அவன் வாய் நின்றது. நானும் ஜன்னலைப் பார்த்தேன்.

கடைசி இடப்பெயர்வின்போது எங்கள் வீட்டு அல்பங்கள், பிறப்பு அத்தாட்சி, அம்மாவின் கல்யாணப் படம் எல்லாம் ஒரே பையில்தான் இருந்தன. ஒன்றாக இருந்தால் தொலையாது என்று அம்மா எல்லாவற்றையும் ஒன்றாகக் கட்டினார். இங்கே எல்லா வீட்டிலும் அப்படித்தான் கட்டினார்கள். அந்தப் பையை அம்மாவும் அண்ணாவும் ஆளுக்கொரு காது பிடித்துத் தூக்கிக்கொண்டு போனார்கள். ஓரிடத்தில் ஷெல் வர எல்லாரும் விழுந்து படுத்தோம். எழும்பியபோது அண்ணாவின் கையில் பையின் காது மட்டும் இருந்தது. இதை நான் பார்த்த ஞாபகமா, வீட்டில் சொல்லிக் கேட்ட ஞாபகமா என்று எனக்கே தெரியாது. அண்ணாவிடம் கேட்டதில்லை.

பஸ் நின்று ஆட்களை ஏற்றியது. பரந்தனுக்குக் கிட்ட வரும்போது அண்ணா சொன்னான்:

"சரி. கண்ணாடியாவே போடு. ஆனா எனக்கு வெட்டுற வேலைக்கு ஒரு சின்ன, வேகமான டிஸ்க் தனிய வேணும்."

இப்படித்தான் எங்கள் ஏற்பாடு முடிவானது. நடக்கிற வேலை சின்ன வேக டிஸ்க்கில். முடிந்த வேலை கண்ணாடி இரட்டைக்குள். கடைக்காரர் நான் கேட்டதையெல்லாம் எடுத்து வைத்துவிட்டு என்னைப் பார்த்தார்.

"கலியாண வீடியோவுக்கு ஏன் தங்கச்சி இவ்வளவு காவல்? இப்ப கலியாணமே அவ்வளவு காலத்துக்கு நிக்கிறேல்லை."

அண்ணா வீடு வரும்வரை அதைச் சொல்லிச் சொல்லிச் சிரித்தான்.

எல்லாவற்றையும் பூட்டி, லப்டொப்பில் தங்கியிருந்ததை அதற்குள் மாற்றி, பழையதைக் கழற்றி மேசை லாச்சிக்குள் போட்டபிறகு அறை வேறு அறையாகிவிட்டது. விசிறிச் சத்தம் மட்டும். அப்போது சந்தோசமாகத்தான் இருந்தது. வெள்ளிக்கிழமை வரும்வரை.

அன்ரி வந்தார், இருந்தார், பார்த்தார். "தள்ளி நில்லுங்கோ எண்டு சொல்லுறான்" என்றார் அன்றைக்கு. பிறகு தலைப்பைச் சரிசெய்துகொண்டு சொன்னார்:

"எங்கயோ இருக்கிறான்."

விரலை மடக்கி வைத்துக்கொண்டு காத்திருந்தார். நான் திரையைப் பார்த்தேன். அண்ணா கமரா லென்ஸைத் துடைத்தான், துடைத்ததையே திரும்பத் துடைத்தான். பக்கத்துக் கொட்டிலில் பிள்ளைகள் ஒன்பதாம் வாய்ப்பாடு சொன்னார்கள்.

"இண்டைக்குச் சொல்லேல்லை" என்றார் அன்ரி.

"வெளியில போயிருக்கும் அன்ரி. வெக்கை தானே" என்றான் அண்ணா. என் அண்ணாவுக்குப் பொய் சொல்ல அறவே வராது, ஆனால் அன்றைக்கு வந்தது.

அவர் எழும்பிப் போனார். சந்தைப் பக்கம் திரும்பவில்லை. நேரே பஸ் தரிப்பிடம் போனதை வாசலிலிருந்து பார்த்தோம்.

அதற்குப் பிறகுதான் அவருடைய மகளின் கல்யாணம். அவனுடைய தங்கச்சி. நான் அக்கா என்று கூப்பிடுகிறவர். வீடியோ நாங்கள்தான். கல்யாணம் நன்றாக நடந்தது, மழை வரப்பார்த்து வரவில்லை, நான் ஒரு கிழமை குனிந்து வெட்டினேன்.

எங்கள் கல்யாண வீடியோக்களில் ஒரு வழக்கம் இருக்கிறது. தாலி ஏறும் இடத்தில், வீட்டில் செத்தவர்கள் வானத்தில் வருவார்கள். மணவறைக்கு மேலே மேகம் திரளும், நடுவில் ஒரு வெளிச்சம், அதற்குள் அப்பாவோ அம்மம்மாவோ கையை உயர்த்தி ஆசீர்வாதம் செய்வார்கள், பூ விழும். நான் இதைக் கிண்டல் பண்ணுவேன், ஆனால் இல்லாவிட்டால் சனம் காசு தராது. மேகம் எப்போதும் அண்ணாவின் வேலை. அக்கா இரண்டு படத்தை ஒன்றாக அவனுடைய போனுக்கு அனுப்பி, "இதுகளையும் போடுங்கோ" என்று எழுதியிருந்தார். ஒன்று அப்பா. மற்றது சோடாத் தட்டுக்காரன், லமினேட் படத்தைப் போனில் பிடித்தது. அண்ணா இரண்டு பேரையும் மேகத்துக்குள் ஏற்றிவிட்டான். எனக்கு வேறு வேலை இருந்தது, அந்த இடத்தை நான் பார்க்கவில்லை.

அன்ரியும் அக்காவும் முன்னோட்டம் பார்க்க வந்தார்கள். அன்ரி எல்லாவற்றையும் ரசித்தார். "உங்க பார், பூத்தட்டோட நிக்கிற சின்னவள் பல்லை இளிக்கிறாள்" என்று சிரித்தார். தாலி வந்தது, மேகம் திரண்டது. மனுசனைக் கண்டதும் அன்ரி கைகூப்பினார். அடுத்து வெளிச்சத்துக்குள் அவன் வந்தான். தலையைச் சுற்றி ஒளி.

கூப்பிய கை அப்படியே நின்றது.

"அவரை மேல வைச்சது சரி" என்றார் மெல்ல. "இவனை ஏன் தம்பி மேல வைச்சனீ?"

அண்ணா எழும்பி நின்றுவிட்டான். "அன்ரி, நான்... ரெண்டு படமும் ஒண்டா வந்தது..."

"அதுதான் அண்டைக்குப் பல்லி சொல்லேல்லை. அதுக்குத் தெரிஞ்சிருக்கு."

"அம்மா, ஆசீர்வாதத்துக்குத் தானேயம்மா" என்றார் அக்கா.

"ஆசீர்வாதம் பண்ண அவனென்ன கிழவனே? தங்கச்சியின்ர கலியாணத்தில அவனுக்கு வேலையில்லையே? பந்தியைப் பாக்கிறது ஆர்? இறக்கு தம்பி. இப்பவே கீழ இறக்கு."

"எங்க அன்ரி இறக்கிறது?" என்று நான் கேட்டேன்.

"சனத்துக்குள்ள விடு. சோடா குடுத்துக்கொண்டு திரியட்டும்."

அக்கா தெரிந்துதான் அந்த இரண்டு படத்தையும் ஒன்றாக அனுப்பினாரா என்று எனக்கு இன்றைக்கும் தெரியாது. நிலத்தைப் பார்த்துக்கொண்டு, "அம்மாக்கு எப்பிடிச் சரியோ அப்பிடிச் செய்யுங்கோ தங்கச்சி" என்றார்.

"மேல வைச்சது ஒண்டிலயும் இருக்கக்கூடாது" என்றார் அன்ரி. "உங்கட எல்லாப் பெட்டியிலயும் அழி. நான் பாக்கவேணும்."

வெட்டி முடித்த படம் ஏற்கெனவே கண்ணாடி இரட்டைக்குள் போயிருந்தது. அவருக்கு முன்னாலேயே அந்த ஃபைலைத் தெரிவு செய்து, ஒரு விரலால் ஒரு பொத்தான். இரண்டு டிஸ்க்கிலும் ஒரே நேரத்தில் இல்லாமல் போனது.

"போயிட்டுதே?"

"போயிட்டுது அன்ரி. ரெண்டிலயும்."

அவர் மூச்சுவிட்டார். நான் அப்போதுதான் கவனித்தேன். அதே ஃபோல்டரில், அதற்கு நேரே கீழே கிளிப் இருந்தது. என் விரல் ஒரு வரி தவறியிருந்தால் அவனும் அதே மாதிரி, இரண்டிலும், ஒரே நேரத்தில். சாவுக்கு எதிராகத்தான் நான் கண்ணாடி போட்டேன். கண்ணாடிக்கு என்ன தெரியும்? முன்னால் நிற்பவர் போனால் அதற்குள் இருப்பவரும் போவார்.

கீழே இறக்குவது சுலபமான வேலை இல்லை. பழைய படம் மங்கல், மஞ்சள். புதுப் படம் கண்ணாடிபோலத் தெளிவு. அவனைச் சுற்றி ஒவ்வொரு ஃபிரேமாக வெட்டி எடுத்தேன், விரல் நுனி, போத்தல் கழுத்து, காது மடல் என்று. பந்தல் ஓரத்தில், ஆட்கள் கூடி நிற்கும் இடத்துக்குப் பின்னால், வெளிச்சம் குறைந்த பக்கமாக அவனை நடக்கவிட்டேன். அண்ணா பக்கத்தில் இருந்து நிறத்தைச் சரிபார்த்தான். வழக்கமாக நக்கலடிப்பவன், அன்றைக்கு "இன்னும் கொஞ்சம் நிழல் போடு, கால் நிலத்தில படேல்லை" என்பதற்கு மேல் ஒன்றும் சொல்லவில்லை. நிழல் போட்டதும் கால் நிலத்தில் பட்டது. கல்யாண வீட்டுக் கூட்டத்தில் அவன் இருந்தான். யாரும் திரும்பிப் பார்க்கவில்லை, எல்லாருக்கும் பின்னால் சிரித்துக்கொண்டு போனான். நான் திரையின் வெளிச்சத்தைக் குறைத்துவிட்டேன்.

படம் வெளிநாட்டுக்குப் போனது. ஒரு கிழமைக்குள் அக்கா போன் எடுத்தார். குரல் ஒருமாதிரி இருந்தது. மாமா ஒருவர் அங்கிருந்து கூப்பிட்டு, "பின்னுக்குச் சோடாத் தட்டோட போறது அவனெல்லோ? வந்திட்டானே? ஏன் எனக்கு ஒருத்தரும் சொல்லேல்லை?" என்று கத்தி அழுதாராம்.

"நீங்கள் என்ன சொன்னனீங்கள் அக்கா?"

"நான் சொல்லுறதுக்குள்ள அம்மா போனை வாங்கிட்டா. 'அங்க நிண்டே உனக்குத் தெரியுது, பாத்தியே' எண்டு சொல்லிட்டு வைச்சிட்டா."

போனைக் கீழே வைத்துவிட்டு அண்ணாவிடம் சொன்னேன், கிளிப்புக்கு மூன்றாவது பிரதி ஒன்று வேண்டும் என்று. இந்த அறைக்குள் இல்லை, வேறு இடத்தில்.

"எங்கட வீட்டில?"

"வீடு பின்னுக்குத்தானே கிடக்கு. கூரை எரிஞ்சா ரெண்டும் எரியும்."

அவன் கொஞ்சம் யோசித்து, ஒரு சின்ன வெளி டிஸ்க்கை எடுத்து வந்தான். சட்டைப் பைக்குள் அடங்குகிற அளவு, கறுப்பு. கிளிப்பை மட்டும் அதில் போட்டோம். வெள்ளிக்கிழமை அன்ரி வந்தபோது அதை அவர் முன்னால் வைத்தேன். வாங்கமாட்டார் என்றுதான் நினைத்தேன்.

"இது வீட்டில இருக்கவேணும் அன்ரி. எங்களுக்கு ஏதும் நடந்தா நீங்கள்தான் எங்களுக்குத் தரவேணும்."

கையில் எடுத்தார். முன்னும் பின்னும் திருப்பிப் பார்த்தார். "இதுக்குள்ளயே இருக்கிறான்?"

"ஓம்."

"வெளியில தெரியாதே?"

"தெரியாது. கொம்பியூட்டர்ல கொழுவினாத்தான் தெரியும்."

"மாலை போட ஏலாது."

"ஏலாது அன்ரி."

"சுவரில கொழுவவும் ஏலாது." அவர் தலையாட்டினார். "அப்ப சரி."

தோளிலிருந்த பையைத் திறந்தார். சந்தைக்குப் போகிற பை இல்லை, அதற்குள் இருந்த இன்னொரு பை. ஸிப் போட்ட, பழைய பை. லமினேட் படம், பொலித்தீனில் சுற்றிய பத்திரங்கள், மடித்த ஒரு சேர்ட். இத்தனை வருடத்துக்குப் பிறகும் தூக்கிக்கொண்டு ஓட ஆயத்தமாக இருந்த பை. டிஸ்க்கைச் சேர்ட்டின் மடிப்புக்குள் வைத்து மூடினார். எல்லாவற்றையும் ஒரே பைக்குள் வைக்கவேண்டாம் என்று சொல்ல வாயெடுத்தேன். அண்ணா என் காலை மிதித்தான்.

பிறகு வழக்கம்போலக் கிளிப்பைப் பார்த்தார். என்ன கேட்கிறான் என்று இந்த முறை சொல்லவில்லை. எழும்பும்போது மட்டும் மேசை இடுக்கைக் குனிந்து பார்த்தார்.

"திரும்பி வரேல்லையே?"

"இல்லை அன்ரி" என்றான் அண்ணா.

"பரவாயில்லை. எங்கட வீட்டில பல்லி கனக்க. இனி அங்க சொல்லும்."

அவர் மரக்கறிக் கடைப் பக்கமாகப் போனார். லாச்சிக்குள் அந்தப் பழைய டிஸ்க் இன்னும் கிடக்கிறது. கொழுவினால் சொல்லும். அதை வீசச் சொல்லி அண்ணா கேட்கவில்லை, நானும் வீசவில்லை. அவன் போய்க் கம்பியூட்டர்ப் பெட்டியில் காதை வைத்தான். கனநேரம் வைத்திருந்தான்.

"ஒண்டும் கேக்கேல்லை" என்றான்.

நல்ல செய்திதான். நான் இன்னொரு பக்கத்தில் காதை வைத்தேன்.